தொண்ணூற்றொன்பது

தீ என்னைத் தொடவில்லை.
இதை எல்லோருக்கும் சொல்லிச் சொல்லியே
தொண்டை இன்னும் கீறிப்போயிற்று.
ஒரு மயிர் கருகவில்லை என்றும் சொல்லியிருப்பேன்,
நேர்ஸ் ரோச் அடித்து
மூக்குக்குள் பார்த்திருக்காவிட்டால்.
"எல்லாம் சுருண்டுபோய்க் கிடக்கு" என்றா.

மத்திய வீதியில், போன் திருத்தும் கடைக்கு மேலே
ஒற்றை யன்னல் அறை.
இம்தாத்துக்கு ஒரு கட்டில், எனக்கொரு கட்டில்,
இரண்டுக்கும் பொதுவாய் ஒரு நுளம்புத்திரி.
திரி சரிந்ததோ, மெத்தைதான் தொங்கி
அதைப் போய்த் தொட்டதோ, தெரியாது.
ஸ்பொஞ் மெத்தை எரியவில்லை.
வாய் திறக்காமல்
வெகுநேரம் புகைந்தது.

இருமியிருந்தால் எழும்பியிருப்பேன்.
இருமவில்லை.
தலையிடிதான் எழுப்பியது:
பகல் முழுக்க நான் முறுக்குகிற
கடுகளவு ஸ்குறூக்களை
என் இரண்டு பொட்டிலும் வைத்து
யாரோ முறுக்குகிற மாதிரி.
கண்ணில் மிளகாய்.
லைட்டைப் போட்டேன்.
எரிந்துதான் இருக்கும்,
என்வரைக்கும் வரவில்லை.

கதவு எங்கே என்று எனக்கு நன்றாகத் தெரியும்.
மூன்று வருசம் போய்வந்த கதவு.
எழும்பினேன், நாலு எட்டு வைத்தேன்,
திறந்தேன், உள்ளே போய் நின்றேன்.

அது அலுமாரி.

சேட்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு
வெளியே வந்துவிட்டேன் என்றே நம்பினேன்.
கடற்கரைக் காற்று அடிக்கிறது என்றுகூட நினைத்தேன்.
எவ்வளவு நிம்மதி.
மூச்சு முட்டியதை மறந்துவிடலாம்,
அந்த நிம்மதியை நினைத்தால்தான்
இப்போதும் கை குளிர்கிறது.

கணுக்காலை ஒரு கை பிடித்து இழுத்தது.
விழுந்தேன்.
தரையில் ஒரு சாண் உயரத்துக்குக்
காற்று மிச்சமிருந்தது.
"குனியவேணும் எண்டு உனக்கு எப்பிடியடா தெரியும்?"
பிறகு கேட்டேன்.
"தெரியாது மச்சான், சத்தி வந்தது, குனிஞ்சன்."

ஆஸ்பத்திரியில் விரலுக்குக் கிளிப் மாட்டினார்கள்.
தொண்ணூற்றொன்பது.
கணக்குப் பாடத்தில் நான் காணாத மார்க்.
"பிறகென்ன," என்றார் கடை முதலாளி யோகநாயகம்,
"முகமும் நல்ல சிவப்பு,
நாளைக்கு வேலைக்கு வரலாம்."

டொக்டர் அந்த இலக்கத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை.
கிளிப்புக்கு நிறம்தான் தெரியும், என்றா.
ஒட்சிசன் இருக்கவேண்டிய இடத்தில்
புகை ஏறி இருந்தாலும்
அதுக்கு எல்லாம் ஒரே சிவப்பு.
கொழும்பு பஸ்ஸில் லேஞ்சி போட்டுச்
சீட் பிடித்தவன் லேசில் எழும்புவானா?
மணிக்கட்டில் ஆழமாய்க் குத்தி
இரத்தம் எடுத்தா.
மாஸ்கைக் கழற்றினால் ஏச்சு.

துப்பினால் கறுப்பு.
விடியற்காலை நிலாவெளியிலிருந்து
அக்கா கோல் எடுத்தா.
"ஓம் அக்கா" என்றேன்.
"பிழையான நம்பர்" என்று வைத்துவிட்டா.

பக்கத்துக் கட்டிலில் இம்தாத்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.
அவனுக்கு அப்போது ஒன்றுமில்லை.
வீட்டுக்குப் போகப்போகிறேன் என்று
செருப்பைக்கூடத் தேடினான்.
பத்து மணிபோலத்தான்
அவன் நெஞ்சுக்குள் ஒரு விசில் கேட்டது.
பன்னிரண்டுக்கு முன்னம்
கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

என்னை மூன்றாம் நாள் விட்டார்கள்.
இன்று பார்வையாளர் நேரம்.
இரண்டு தரம் தோய்த்த சேட்டுத்தான்,
ஆனாலும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்
வாழைப்பழத்தோல் தின்றுகொண்டு நின்ற மான்
என்னை மணந்து, காதை நிமிர்த்தி,
ஓட்டோக்களுக்கு நடுவால் பாய்ந்தது.
ஊர் மனிதருக்குப் பயப்படாத மான்.

பையில் அவனுடைய செருப்பு.
தீவிர சிகிச்சைப் பிரிவு என்று
மூன்று மொழியில் எழுதியிருக்கிறது.
வாசிக்கத் தெரியும்.
இருந்தும் ஒருக்கால்
உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்,
இது கதவுதானா என்று.